விசாரிக்க வந்தவரிடம் சொன்ன பன்னிரண்டு பவுன்

பனிபடர் முகட்டிற் பைந்தளிர் நடுவே
இனிதமர்ந் தருளும் இளையவ, என்றன்
நாவினில் நின்ற பொய்யினை
ஏவிய தென்னென் றியம்புக எனக்கே.

தைப்பூச நன்னாளில், காலைப் பூசை நிறைவுற்று, நெற்றியில் விபூதியின் ஈரம் காயுமுன் இதனை எழுதத் தொடங்குகிறேன். எழுதப் போவது நான் சொன்ன இரண்டு பொய்களைப் பற்றி. ஆதலால் நாளாவது வலுவுள்ளதாக இருக்கட்டும் என்று பூசம் வரும்வரை காத்திருந்தேன்.

இலங்கை மலையகத்தில், பசறைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் டிஸ்பென்சராக இருந்தேன். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, என் கைக்கு மிஞ்சியதைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதி அனுப்புவது, இவையே என் தொழில். மக்கள் என்னை டாக்டரய்யா என்று அழைத்தார்கள். நான் டாக்டர் இல்லை என்று முதல் ஐந்து ஆண்டுகள் திருத்தினேன். பிறகு விட்டுவிட்டேன். ஓய்வு பெற்றபின் தோட்டத்து முருகன் கோயிலை ஒட்டிய சிறிய வீட்டில் இருக்கிறேன். விடியலில் சன்னிதியில் பதிகம் பாடுகிறேன். குரல் போய்விட்டது. இறைவன் பொருட்படுத்துவதில்லை, மற்றவர்கள் அந்த நேரத்துக்கு வருவதில்லை.

டிஸ்பென்சரின் தொழிலில் பாதி மருந்து, மறுபாதி வாயை மூடிக்கொண்டிருப்பது. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளை லயம் என்போம். எந்த லயத்தில் எவருக்கு என்ன நோய் என்பது எனக்குத் தெரியும். என் மனைவிக்குத் தெரியாது. அவர் இறக்கும்வரை என்னிடம் அதைக் குறையாகவே சொன்னார். இதைப் பெருமையாக எழுதவில்லை. பின்னால் வரும் செய்திக்குத் தேவைப்படுவதால் எழுதுகிறேன்.

எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் பொதி அறைக்குப் பொறுப்பாக ஒரு பெண் இருக்கிறாள். தொழிற்சாலையை இங்கே எல்லோரும் ஸ்டோர் என்பார்கள். அவளுக்கு வயது இருபத்தெட்டு. லயத்தில் பிறந்தவள். தகப்பன் இல்லை. தாய் கொழுந்து பறிப்பவர். ஒரே அண்ணன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் புடவை மடிக்கிறான். எங்கள் லயங்களிலிருந்து போய் ஸ்டோரில் நாற்காலி போட்டு அமர்ந்த முதல் பெண் அவள். மாதத்தில் ஒரு நாள் லீவு எடுத்துப் பதுளைக்குப் போய் வருவாள்.

சென்ற ஆண்டு, பொதி அறையிலிருந்த வெள்ளித் தளிர்த் தேயிலையில் நான்கு பெட்டிகள் குறைந்தன. கையால் கிள்ளி, வெயிலில் உலர்த்திய, வெளிநாட்டார் வாங்கும் உயர்ந்த சரக்கு அது. குறைந்ததைக் கண்டு, எழுத்தில் அறிவித்தவளும் அந்தப் பெண்ணே. அறையின் சாவி ஒன்று அவளிடம், மற்றொன்று துரையின் அலுவலகத்தில். துரை என்பது தோட்ட முகாமையாளர். “பார்த்துக்கொள்ளலாம்” என்று அவர் சொல்லிவிட்டார். பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கொழும்புத் தலைமை அலுவலகம், ஆட்களைப் பற்றித் துப்பறிந்து அறிக்கை எழுதித் தருவதையே தொழிலாகக் கொண்ட ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்தது. அதை அந்தப் பெண்ணிடம் எவரும் சொல்லவில்லை. எங்களிடமும் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை காலைப் பேருந்தில் ஒரு மனிதர் வந்து இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். மினுங்கும் சப்பாத்து, கையில் ஒரு பிஸ்கட் டின். ஸ்டோருக்கு எதிரே உள்ள தேநீர்க் கடைக்கு வருவதற்குள் அவருடைய காலுறையில் மூன்று அட்டைகள் ஏறியிருந்தன. கடைக்கார அம்மாள் சவர்க்காரம் தடவி அட்டைகளை எடுத்துவிட்டு, இஞ்சித் தேநீர் கொடுத்தார். அதன்பின் நடந்த பேச்சை அவரே எனக்குப் பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறார்.

“அக்கா, ஸ்டோர்ல பொதி ரூம்ல ஒரு பொண்ணு வேல செய்றாங்கல்ல? அவங்களப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும்.”

“நீங்க எங்கேர்ந்து வர்றீங்க?”

“கொழும்புலேர்ந்து. அவங்க எப்படி? குடும்பம் எப்படி?”

கடைக்கார அம்மாள் அவருடைய வழுக்கையைப் பார்த்தார். இவர் மாப்பிள்ளை இல்லை, மாப்பிள்ளையின் மாமா என்று முடிவு செய்தார்.

இவ்விடத்தில் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெண்ணெடுக்க நினைப்பவர்கள் முதலில் பெண்ணின் வீட்டுக்குப் போவதில்லை. ஒரு பெரியவரை அனுப்பி, அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். வருபவர் எதற்காக வந்தேன் என்று சொல்லமாட்டார். கேட்பதும் நாகரிகமல்ல. கையில் ஏதாவது தின்பண்டம் இருக்கும். விசாரிக்கப்படுபவர் ஒவ்வொருவரும் பெண்ணைப் பற்றி நல்லதாகச் சொல்வதோடு, தம் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்தும் சொல்வார். இதைப் பொய் என்று எங்களில் எவரும் எண்ணுவதில்லை. சீர் வைப்பது போன்றது இது. கேட்டுப் போகிறவரும் இதே வழக்கத்தில் வளர்ந்தவர். வீடு திரும்பும் வழியிலேயே பாதியைக் கழித்துவிடுவார். மிஞ்சுவது ஏறக்குறைய உண்மை. இம்முறையில் எங்கள் மலையில் பல நூறு கலியாணங்கள் நடந்து, பெரும்பாலானவை நிலைத்திருக்கின்றன.

ஆகவே கடைக்கார அம்மாள், துணிக்கடையில் புடவை மடிக்கும் அண்ணனைக் கட்டார் நாட்டு வேலைக்கு அனுப்பினார். பக்கத்து லயத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற கங்காணி, திருச்சிப் பக்கம் அக்குடும்பத்துக்குப் பத்து ஏக்கர் வயல் இருப்பதாகச் சொன்னார். “கோயில்ல டாக்டரய்யா இருப்பாரு, அவரக் கேளுங்க, அவரு வாயில பொய்யே வராது” என்று இருவரும் வந்தவரை என்னிடம் அனுப்பிவைத்தார்கள்.

நான் மண்டபத்தில் அமர்ந்திருந்தேன். வந்தவர் சப்பாத்தைக் கழற்றி, சன்னிதியில் கும்பிட்டு, பிஸ்கட் டின்னை என் முன் வைத்தார். கைபேசியை எடுத்துப் பாயின்மேல் குப்புற வைத்தார். பேசும்போது அதைப் பார்க்க விரும்பாதவர், நாகரிகம் தெரிந்தவர் என்று மகிழ்ந்தேன். அது நான் பேசியதைப் பதிவு செய்துகொண்டிருந்தது என்பது பின்னால் தெரிந்தது.

“நகை நட்டெல்லாம் போடுவாங்களாங்கய்யா?” என்று கேட்டார்.

அந்தப் பெண்ணிடம் ஒரு சோடித் தோடும், நூல் போன்ற ஒரு சங்கிலியும் உண்டு. நான் சன்னிதியை நோக்கி அமர்ந்திருந்தேன். பன்னிரு கரத்தோடு இறைவன் எதிரே நிற்கிறான். வேறொரு எண் நாவில் வர வழியில்லை.

“பன்னிரண்டு பவுன் இருக்கும்,” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அடுத்த கேள்வி கேட்டார்.

“மாசத்துல ஒரு நாள் லீவு போட்டுட்டு பதுளைக்குப் போறாங்களாமே?”

அவள் போவது ஆஸ்பத்திரிக்கு. முதல் கடிதத்தை எழுதி அனுப்பியவன் நான். ஏழு ஆண்டுகளாக அதை அறிந்தவர்கள் அவள், அவள் தாய், நான் ஆகிய மூவர் மட்டுமே.

“கோயிலுக்குப் போறா. மாசம் தவறமாட்டா,” என்றேன்.

முதல் பொய் வழக்கத்தால் வந்தது. இரண்டாவதை அறிந்தே சொன்னேன். ஒரு நோயை மறைக்க ஒரு கோயிலை முன்னே வைத்தேன். அது தவறென்று அப்போது தோன்றவில்லை. வந்தவர் எழுந்து விடைபெற்றார். பிஸ்கட் நன்றாகவே இருந்தது.

செய்தி பகல் உணவுக்குள் தாயை எட்டியது. கொழும்பிலிருந்து விசாரித்துப் போயிருக்கிறார்கள் என்றதும் அந்த அம்மாள் மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. வெட்கப்படுவாள், முடிந்தபின் சொல்லலாம் என்று விட்டுவிட்டார். அடுத்த சந்தை நாளில் பசறைக்குப் போய், மாப்பிள்ளை வீட்டார் வரும்போது உடுத்த ஒரு சேலை வாங்கி வந்தார். என்னைக் காணும்போதெல்லாம், “டாக்டரய்யா, நீங்க நல்ல வார்த்த சொன்னீங்களாமே, முருகன் உங்களுக்குக் கொறை வைக்கமாட்டாரு” என்றார். நானும் தலையசைத்தேன்.

மாதம் ஒன்று கழிந்தது. ஒரு திங்கட்கிழமை, அலுவலகத்துப் பியோன் நீண்ட வெள்ளை உறை ஒன்றை லயத்தில் கொண்டுவந்து கொடுத்தான். கனமான உறை, மகளின் பெயர், கொழும்பு முத்திரை. மாப்பிள்ளையின் சாதகம் வந்துவிட்டது என்று தாய் நினைத்தார். உறையின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவி, சாமிப் படத்தின்முன் வைத்தார். செவ்வாய் பிரிக்க ஆகாத நாள். புதன் அமாவாசைக்கு முந்திய நாள். வியாழன் அமாவாசை. வெள்ளிக்கிழமை பிரிக்கலாம் என்று நாள் குறித்தார்.

வியாழன் மாலை விளக்கேற்றப் போன மகள் உறையைப் பார்த்தாள். “இது எப்ப வந்துச்சும்மா?” என்று கேட்டாள். தாய் சிரித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே இருந்தது தலைமை அலுவலகத்தின் காரணம் கோரும் கடிதம். நான்கு பெட்டிகள் காணாமற்போனது பற்றி இரகசிய அறிக்கை ஒன்று பெறப்பட்டுள்ளது. அதன்படி உம்மிடம் வருமானத்துக்குப் பொருந்தாத சொத்துகள் உள்ளன. மாதந்தோறும் காரணம் மறைத்துப் பதுளைக்குப் போகிறீர். உம்மை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்பதற்கு ஏழு நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். ஏழில் நான்கு நாள் சாமிப் படத்தின்முன் கழிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் அவள் என்னிடம் வந்தாள். கடிதத்தின் மூலைகள் மஞ்சளாக இருந்தன.

“டாக்டரய்யா, என்கிட்ட பன்னெண்டு பவுன் இருக்காம். எங்க வச்சிருக்கேன்னு உங்களுக்குத் தெரியுமா?”

நான் கடிதத்தை வாங்கி வாசித்தேன். அண்ணன் கட்டாரில் இருந்தான். திருச்சி வயல் பத்து ஏக்கரும் இருந்தது. பவுன் பன்னிரண்டும் சரியாக இருந்தன. எங்கள் ஊரார் சேர்த்த ஒன்றையும் அந்தக் கம்பெனி கழிக்கவில்லை. அவர்களுக்குக் கழிக்கத் தெரிந்திருக்கவில்லை.

“இன்னொன்னு பாருங்க,” என்றாள். “கோயிலுக்குப் போறேன்னு ஊர்ல சொல்லிட்டு, கோயிலுக்குப் போறதில்லையாம். பதுளை பஸ் ஸ்டாண்டுலேர்ந்து என் பின்னாடியே வந்திருக்காங்க. கூட்டத்துல என்னைத் தவறவிட்டுட்டாங்களாம். கோயில் வாசல்ல சாயங்காலம் வரைக்கும் நின்னுருக்காங்க, நான் வரலையாம். நான் கோயிலுக்குப் போறேன்னு யாருகிட்டயும் சொன்னதில்லையே. யாரு சொல்லியிருப்பா?”

சன்னிதி திறந்திருந்தது. தெரியாது என்று மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல வாய் தயாராகவே இருந்தது.

“நான்தாம்மா,” என்றேன்.

“பவுனு?”

“அதுவும் நான்தான்.”

“ஒரு ரெண்டு பவுனா சொல்லியிருந்தா இருக்குதுன்னு ஒத்துக்கிட்டே போயிருக்கலாம்,” என்றாள். சிரிக்கவில்லை. கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

ஆஸ்பத்திரி அட்டையைக் காட்டினால் பதுளைப் பயணத்துக்குப் பதில் கிடைத்துவிடும் என்று நான் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு எளிய யோசனை என்று எனக்கு விளங்கிவிட்டது.

“துரைகிட்ட காட்டுனா கிளாக்கருக்குத் தெரியும். கிளாக்கருக்குத் தெரிஞ்சா பெரட்டுல தெரியும்.” பெரட்டு என்பது காலையில் தொழிலாளர் கூடி வேலை பிரிக்கும் இடம். “வேல போனா அம்மாவோட கூடைய எடுத்துக்கிட்டு மலைக்குப் போயிருவேன் டாக்டரய்யா. அது வெளிய போனா நான் திரும்ப எடுக்க முடியாது. நீங்க வந்து பவுனப் பத்திச் சொல்லுங்க. பதுளையப் பத்தி வாயத் தொறக்காதீங்க.”

பதிலை அவளே எழுதினாள். இரண்டே வரி: இந்தச் சொத்துகள் எனக்கு இல்லை, அறிக்கையை எனக்குக் காட்டுங்கள். அதன்மேல் உள்ளக விசாரணைக்கு நாள் வைத்தார்கள்.

சாட்சிக்கு ஆள் சேர்க்கும் வேலை எனக்கு வந்தது. கடைக்கார அம்மாளிடம் போனேன். கங்காணியும் அங்கே அமர்ந்திருந்தார்.

“நல்லது சொன்னது குத்தமா?” என்றார் அம்மாள். “துரை முன்னால போய், நான் பொய் சொன்னேன்னு சொல்லச் சொல்றீங்க. நாளைக்கு இது பசும்பாலுன்னு சொன்னா எவன் நம்புவான்?”

“இப்பவே எவனும் நம்புறதில்ல,” என்றார் கங்காணி.

“நீ பேசாத. பத்து ஏக்கரு எங்கய்யா இருக்கு?”

“இருந்துச்சு. எங்க தாத்தாவுக்கு. பாவம் தகப்பனில்லாத புள்ளையாச்சேன்னு அத அதுக்குக் கொடுத்தேன்.”

“கொடுக்கிறவன் ஒரு ஏக்கர் கொடுத்திருக்கக் கூடாதா?”

“டாக்டரய்யா பன்னெண்டு பவுன் போடுறப்ப, நான் ஒரு ஏக்கரோட நின்னா மரியாதையா இருக்குமா?”

காலவரிசைப்படி அவர்தான் முதலில் சொன்னார், நான் பின்னால் சொன்னேன் என்று எடுத்துக்காட்டினேன். அதனால் பயனில்லை. முடிவில் இருவரும் வரச் சம்மதித்தார்கள்.

விசாரணை நடத்தக் கொழும்பிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். யாழ்ப்பாணத்தவர், பேச்சிலேயே தெரிந்தது. ஸ்டோரை ஒட்டிய தம் அலுவலக அறையில் துரை அவர் பக்கத்தில் அமர்ந்தார். அந்தப் பெண் எதிரே நின்றாள். சுவரோரம் ஒரு வாங்குப் பலகையில் அவள் தாய், மாப்பிள்ளை வீட்டாருக்காக வாங்கிய சேலையை உடுத்தி வந்து அமர்ந்திருந்தார். வேறு நல்ல சேலை அவரிடம் இல்லை.

என்னை முதலில் அழைத்தார்கள்.

“ஐயா, இந்த அறிக்கையில ‘கோயில் பெரியவர் ஒருவர்’ எண்டு போட்டிருக்கு. அது நீங்களோ?”

“நான்தாங்க.”

“பன்னிரண்டு பவுன் எண்டு சொன்னனீங்களோ?”

“சொன்னேன்.”

“கண்டனீங்களோ?”

“இல்லைங்க.”

“அப்ப ஏன் சொன்னனீங்கள்?”

“கல்யாணத்துக்கு விசாரிக்கிறாங்கன்னு நெனச்சேன்.”

“அந்த ஆள் அப்பிடிச் சொன்னவரோ?”

“சொல்லலைங்க. பிஸ்கட் கொண்டு வந்தாரு.”

அம்மையார் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு ‘பிஸ்கட்’ என்று எழுதினார். எங்கள் வழக்கத்தை நான் விளக்கினேன். அண்ணன் துணிக்கடையில் இருப்பதைக் கடைக்கார அம்மாளும், வயல் தம் தாத்தாவுடையது என்பதைக் கங்காணியும் ஒப்புக்கொண்டார்கள். கங்காணி வயலைப் பற்றிச் சொல்லத் தொடங்கியவர் வாய்க்கால்வரை போய்விட்டார், நிறுத்த வேண்டியதாயிற்று.

“என்னைப் பொம்பிளை கேட்டு வந்தவைக்கும் எங்கட ஊரில நான் வீணை வாசிப்பன் எண்டு சொல்லிவிட்டினம்,” என்றார் அம்மையார். “வீட்டில வீணையே இல்லை.” துரை சிரித்தார். அம்மையார் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார்.

பின்பு ஒரு தாளை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். “ஆனாலும் பிள்ளை, இதில உங்கட கையெழுத்து இருக்கு. உங்களைப் பற்றி விசாரிக்கலாம் எண்டு சம்மதம் தந்திருக்கிறீங்கள்.”

“கையெழுத்து என்னுதுதாங்க மேடம். வேலையில சேர்ந்த அன்னிக்குப் பதினோரு தாள் நீட்டுனாங்க. ‘சீக்கிரம் போடும்மா, சாப்பாட்டு மணி அடிக்கப் போவுது’ன்னாங்க. ஒரு தாளும் தமிழ்ல இல்ல. சரி, விசாரிக்கலாம்னு போட்டேன்னே வச்சுக்கங்க. விசாரிச்சத எனக்குக் காட்டக் கூடாதுன்னும் அதுல இருக்கா?”

அம்மையார் அந்தத் தாளை முன்னும் பின்னும் வாசித்தார். நேரம் எடுத்தே வாசித்தார்.

“இல்லை,” என்று சொல்லி, அறிக்கைக் கோப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவள் நின்றபடியே ஒன்பது பக்கங்களையும் வாசித்தாள். அவள் வாசித்து முடித்ததும் அம்மையார் மறுபடி என் பக்கம் திரும்பினார்.

“கோயிலுக்குப் போறா எண்டும் நீங்கள்தான் சொல்லியிருக்கிறீங்கள். அதுவும் பொய்யோ?”

“அதுவும் பொய்தாங்க.”

“அப்ப எங்க போறா?”

நான் அவளைப் பார்த்தேன். அவள் மேசையைப் பார்த்தாள்.

“அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லைங்கம்மா.”

“தெரியுமோ?”

“தெரியுமா தெரியாதாங்கிறதைச் சொல்லவும் உரிமை இல்லைங்க.”

துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். பெட்டிகள் கிடைத்துவிட்டன என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பக்திப் பாடல்களில் அடியார்களுக்கு இப்படிப்பட்ட வேளையில் ஒரு குரல் கேட்கும், ஒரு கதவு திறக்கும். எனக்கோ, காலையில் வரும் வழியில் காலில் அட்டை கடித்த இடத்தில் அரித்தது. அவ்வளவுதான்.

அம்மையார் பேனாவை மூடினார். “எல்லாரும் கொஞ்சம் வெளியில நில்லுங்கோ. நீங்களும்தான்,” என்று துரையிடம் சொன்னார். தம் அலுவலக அறையிலிருந்து வெளியேறுவது எப்படி என்று துரைக்கு உடனே தெரியவில்லை. பிறகு வந்தார்.

தாழ்வாரத்தில் நின்றோம். கொழுந்து வாட்டும் விசிறிகள் ஓடிய இரைச்சலில் உள்ளே பேசியது எதுவும் கேட்கவில்லை. கேட்க முயன்றோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தாய் மட்டும் முயலவில்லை. அவர் புதுச் சேலையின் முந்தானையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

பத்து நிமிடம் கழித்து எங்களை உள்ளே அழைத்தார்கள். அம்மையார் எழுதியதை வாசித்தார்: மாதாந்தப் பயணம் தனிப்பட்ட காரணத்துக்கானது, ஆவணம் காட்டப்பட்டது, இந்த விசாரணையோடு அதற்குத் தொடர்பில்லை. துரை, “என்ன காரணம்?” என்று கேட்டார். “தனிப்பட்ட காரணம்,” என்றார் அம்மையார். அந்தப் பெண் அட்டையைக் கைப்பைக்குள் வைத்து மூடினாள்.

அடுத்த மாதம், விருந்தினர் பங்களாவின் அலமாரியைத் துப்புரவு செய்தவர்கள் நான்கு பெட்டிகளையும் அங்கே கண்டார்கள். வெளிநாட்டு விருந்தினருக்காகத் துரையின் அலுவலகச் சாவியைக் கொண்டு எடுத்துப் போயிருக்கிறார்கள்; எடுத்ததைக் குறிக்க மறந்திருக்கிறார்கள். இதைப் பற்றி எவரும் அறிக்கை எழுதவில்லை. எவர் பின்னாலும் எவரும் பேருந்தில் போகவில்லை. குற்றமற்றவள் என்று அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. அதைத் தாய் உடனே பிரித்தார்.

அவள் அத்தோடு நிற்கவில்லை. அறிக்கையின் பிரதி வேண்டும், கோப்பிலிருந்து அதை நீக்க வேண்டும் என்று எழுதிப் போட்டாள். பிரதி மூன்றாம் மாதம் வந்தது. நீக்குவது பரிசீலனையில் இருக்கிறது. தனிமனிதர் தகவலைக் காக்க நாட்டில் சட்டம் வந்துவிட்டது என்கிறார்கள். இருக்கலாம். பதுளையிலிருந்து பசறைக்கு வரும் சாலையில் வளைவுகள் அதிகம்.

பிரதியை வெந்நீர் அடுப்பில் போட அவள் எடுத்தபோது தாய் தடுத்தார். “ஏன்டி எரிக்கிற? கம்பெனிக் கடுதாசியில பன்னெண்டு பவுன்னு அச்சடிச்சிருக்கு. அடுத்தாப்புல விசாரிக்க வர்றவங்களுக்குக் காட்டலாமே.” எட்டுப் பக்கம் எரிந்தது. பவுன் இருந்த பக்கம் எங்கே போனதென்று மகள் இன்னும் தேடுகிறாள். சாமிப் படத்தின் பின்னால் அவள் தேடவில்லை. அது எனக்குத் தெரியும். சொல்ல உரிமை இல்லை.

சென்ற கார்த்திகையில் தெமோதரையிலிருந்து உண்மையாகவே ஒருவர் பெண் விசாரிக்க வந்தார், அவளைத்தான். கடைக்கார அம்மாள் அவருக்குத் தேநீர் கொடுக்குமுன் அடையாள அட்டையைக் கேட்டார். கங்காணி, அவருடைய கைபேசியை அணைத்து மேசைமேல் மல்லாக்க வைக்கச் சொன்னார். அவர் திகைத்துப்போய் என்னிடம் வந்தார். கையில் பேரீச்சம்பழம்.

“நாளைக்கு வாங்க. புள்ளையக் கேட்டுட்டுச் சொல்றேன்,” என்றேன். எழுபத்து நான்கு வயதில் இப்படி ஒரு வாக்கியத்தை முதன்முறையாகச் சொன்னேன்.

அவளிடம் போய்க் கேட்டேன். “இருக்கிறதச் சொல்லுங்க. கூட்டாதீங்க,” என்றாள். “பதுளைய அவங்ககிட்ட நானே சொல்லுவேன், சொல்லணும்னு தோணுனா.”

மறுநாள் அவர் வந்தார். அண்ணன் துணிக்கடையில் வேலை என்றேன். வயல் இல்லை என்றேன். நகை ஒரு சோடித் தோடும் ஒரு சங்கிலியும் என்றேன். கூட்டாமல் சொல்வது நாவுக்குப் பழக்கமில்லாத வேலை. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு, மனத்துக்குள் எதையோ கணக்கிட்டார். வழக்கப்படி பாதியைக் கழிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

எழுந்து போகும்போது மெதுவாகக் கேட்டார்: “அப்ப, சங்கிலி இல்லைங்களா?”

அவர் வீட்டாரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. அவள் தினமும் பொதி அறைக்குப் போகிறாள். மாதத்தில் ஒரு நாள் பதுளைக்குப் போகிறாள். இதையெல்லாம் எழுதலாமா என்று முன்கூட்டியே அவளிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, “எழுதுங்க. பேரு யாரோடதும் வேணாம். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் எழுதுங்க டாக்டரய்யா, உள்ள போகாதீங்க,” என்றாள். அதனால் வாயிலிலேயே நின்றுவிட்டேன்.

இதனை வாசித்த உங்கள் எல்லோர் இல்லத்திலும் பன்னிரு கரத்தோனின் அருள் நிறைக. உங்கள் நோய் தீர்க. தீரும்வரை அது உங்களோடும் உங்கள் மருத்துவரோடும் மட்டும் இருக்க. உங்களைப் பற்றிக் கேட்க எவர் வந்தாலும், கேட்கப்படுபவர் முதலில் உங்களிடம் வந்து கேட்பாராக. உங்களை எவரேனும் தாளில் எழுதினால், அந்தத் தாள் உங்கள் பக்கம் திரும்பி வைக்கப்படுவதாக. நலம் சூழ்க.